முந்நூறு கிராம் ரப்பர்

எங்கள் ஊர் மாட்டுப் பொங்கல் சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்து எவர்சில்வர் குடம் வாங்கியவன் நான்.

பொய். அந்தக் குடத்தை மேடையில் வைத்திருந்தபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது ஒரு சோப்பு டப்பா. அதற்கும் மூடி கிடையாது. முதல் வரியிலாவது உண்மை பேசுவோம் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். கை அதன் புத்தியைக் காட்டிவிட்டது.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அந்த ஐந்திலும் பாதி நாள் வாத்தியார் வந்தார், நான் வரவில்லை. வாழைத் தோட்டத்தில் இலை அறுத்து, கட்டுக் கட்டி, டவுண் ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. இலையைக் கிழியாமல் அறுக்கத் தெரிந்தவனுக்கு எதையும் அறுக்கத் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த நினைப்புதான் காரணம்.

எங்கள் ஊர் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் ஒரு கால்வாயை ஒட்டி இருக்கிறது. பஸ் போகும் தார் ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் கால்வாய்க் கரைமேல் நாலு கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டு பக்கமும் வயல். கரை முழுக்கக் களிமண். மழை பெய்தால் அந்தக் களி, பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். சாதாரண சைக்கிளில் ஏறினால் முன்சக்கரம் வயலுக்கும் பின்சக்கரம் வாய்க்காலுக்கும் போகப் பார்க்கும்.

அதனால்தான் என் தங்கை அந்த சைக்கிளை வாங்கினாள். அவள் அப்போது டீச்சர் பயிற்சி முடித்திருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. தொண்ணூறுகளின் நடுவில் புதிதாக வந்த தடித்த டயர் மாடல். டயர் முழுக்கக் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ரப்பர் முளைகள். கடைக்காரர்கள் பட்டன் டயர் என்பார்கள். அந்தப் பட்டன்கள் களியைக் கவ்விக் கவ்விப் பிடித்துக்கொண்டு போகும். ஊரே வேடிக்கை பார்த்தது. அவள் வேடிக்கைக்கு வாங்கவில்லை. மழையோ வெயிலோ கரையைத் தாண்டி ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வாங்கினாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பாளையங்கோட்டையிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட வேலை. ஒரே ஓர் இடம். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்காணல். ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் பத்துக்குத்தான். இந்த வேலையும் கிடைக்காவிட்டால், வந்திருக்கும் மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை மோசமில்லை. ஆனால் வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்பது அவர்கள் வீட்டுக் கண்டிஷன். தங்கை அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. மடித்த இடமெல்லாம் கிழிந்து போயிருந்தது.

அந்த வருஷம் வெள்ளி பொங்கல், சனி மாட்டுப் பொங்கல். சனிக்கிழமை சைக்கிள் பந்தயம். பஸ் நிற்கும் கால்வாய்ப் பாலத்தில் கிளம்பி, தார் ரோட்டில் அரிசி ஆலை வரை போய், திரும்பப் பாலத்துக்கே வர வேண்டும். முந்தின வருஷம் நான் இலைக்கட்டு ஏற்றும் என் லோடு சைக்கிளில் ஓடினேன். பாதி வழியிலேயே மற்றவர்கள் என்னைத் தாண்டி எதிரே திரும்பி வந்தார்கள். நான் பாலத்துக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் ஒருத்தன் சொன்னான்: "பொதுமக்களே, கடைசியா ஒரு அண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு. பந்தல பிரிக்கவா, வேண்டாமான்னு அவருகிட்டயே கேட்டுக்கிடுங்க."

ஒரு வருஷம் முழுக்க டீக்கடையில் எனக்கு அதுதான் பெயர். 'பந்தல பிரிக்கவா?'

அதனால் தங்கையிடம் போய் நின்றேன்.

"ஏட்டி, சனிக்கிழம மட்டும் ஒன் சைக்கிளக் குடேன்."

"எதுக்கு? பந்தயத்துக்கா? அது லேடீஸ் சைக்கிளுண்ணே."

"மிதிக்கது என் காலுதான? சைக்கிள் பொம்பளயா இருந்தா என்ன, ஆம்பளயா இருந்தா என்ன?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துவிட்டால் பாதி கிடைத்த மாதிரி. "எடுத்துக்கோ. ஆனா திங்கக்கிழம காலைல எனக்கு இது இப்ப எப்படி இருக்கோ அப்படி வேணும்."

"அப்படியே இருக்கும்ட்டி. ஒரு ஈ உக்காராது."

டவுணில் என் கூட்டாளி ஒருவன் சைக்கிள் கடை வைத்திருந்தான். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் டயரை விரலால் சுண்டினான்.

"ஏலே, இந்தப் பட்டன் சேத்துக்குத்தாம்லே நல்லது. தார் ரோட்டுல ஓட்டும்போது கர்ருன்னு சத்தம் கேக்கா? அது பூரா நீ மிதிக்க மிதி வீணாப் போற சத்தம். நடுவுல இருக்க வரிசைய மட்டும் பாதி உசரத்துக்குச் செதுக்கி விடு. வெயிட்டும் கொறயும், பிடிப்பும் மாறும். சைடுல இருக்கதத் தொட்டுராத."

அவன் இன்னும் ஏதோ சொன்னான். நான் அதற்குள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்துகொண்டிருந்தேன். நடு வரிசையில் பாதிதானே, தங்கைக்கு எங்கே தெரியப் போகிறது?

வெள்ளிக்கிழமை மத்தியானம், பொங்கல் தின்றுவிட்டு வீடே உருண்டு கிடந்த நேரத்தில், சைக்கிளைக் கொல்லைப்பக்கம் தலைகீழாக நிறுத்திவிட்டு இலைக் கத்தியை எடுத்தேன்.

இலை வேறு, ரப்பர் வேறு. கத்தியை வைத்தால் பட்டன் குனிகிறது. எடுத்தால் நிமிர்கிறது. ஏதோ மரியாதை தெரிந்த பிள்ளை மாதிரி. சவர பிளேடு போட்டேன், இரண்டாக ஒடிந்து என் விரலைத்தான் செதுக்கியது. மண்ணெண்ணெய் தடவினால் இளகும் என்று தடவினேன். அது இளகவில்லை, பிசுபிசுவென்று கையோடு ஒட்டியது. கடைசியில் ஆத்திரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த ஈரக்கையோடு கத்தியை வைத்தேன். சர்ரென்று இறங்கியது. சோப்புத் தண்ணீர்தான் சூட்சுமம். இரண்டு மணி நேரம் கழித்து நான் கற்றுக்கொண்ட ஒரே நல்ல விஷயம் அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நடு வரிசையை முடித்துவிட்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். நொண்டி மாடு நடப்பது போல ஏறி இறங்கியது. சில பட்டன் பாதி, சில கால், ஒன்று சுத்தமாக இல்லை. மேடாக இருந்ததைக் கொஞ்சம் எடுத்தேன். இப்போது மற்றது மேடாகத் தெரிந்தது. அதை எடுத்தேன். முடிவெட்டுகிறவர் இரண்டு பக்கக் கிருதாவையும் சமமாக்கப் போய், கிருதாவே இல்லாமல் அனுப்புவார் பாருங்கள், அந்தக் கதைதான். நடு வரிசை மொட்டையானதும் டயர் பார்க்க, உச்சி வழுக்கையும் ஓரத்தில் முடியுமாக எங்கள் அப்பா தலை மாதிரி இருந்தது. சகிக்கவில்லை. ஓரத்தையும் எடுத்தேன். பின்சக்கரம் மொட்டை, முன்சக்கரம் முடியோடு இருந்தால் நன்றாகவா இருக்கும்? முன்சக்கரத்தையும் எடுத்தேன். ஓர் இடத்தில் ரப்பருக்குள்ளிருந்து வெள்ளையாக நூல் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தேன்.

செய்தது சரிதான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்ள வேண்டும். செதுக்கியதையெல்லாம் துண்டில் அள்ளிக் கட்டி, பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

"என்னலே இது, கருவாடா?"

"டயர் பட்டன் அண்ணாச்சி. சைக்கிள்ல எவ்வளவு எடை கொறஞ்சிருக்குன்னு பாக்கணும். போட்டுச் சொல்லுங்க."

அவர் தராசில் கொட்டி, கல்லை மாற்றி மாற்றி வைத்தார். "முந்நூறு கிராம்."

"அவ்வளவுதானா? நல்லாப் பாருங்க அண்ணாச்சி."

"ஏலே, மத்தியானம் எத்தன அகப்ப பொங்கல் தின்ன?"

"நாலு."

"அதுல ரெண்டக் கொறச்சிருந்தா இந்த முந்நூறு அங்கனயே போயிருக்கும்லா? அதுவும் முடியலன்னா நாளைக்குக் காலைல ஒழுங்கா வெளிக்கிப் போயிட்டு வந்து சைக்கிள்ல ஏறு. கோட்டிக்காரப் பயலே, நல்ல டயர இப்படி நாசம் பண்ணி வச்சிருக்க!"

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை போதாது. அண்ணாச்சி மேல் கோபம் இல்லை. அவர் சொன்ன கணக்கு சரியாக இருந்ததே, அதன் மேல்தான் கோபம்.

மறுநாள் பந்தயத்தில் நான் பறந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் இது உண்மை. கர்ர் சத்தம் போய்விட்டது. வண்டி எண்ணெயில் ஓடுவது போல ஓடியது. அரிசி ஆலையில் திரும்பும்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. இரண்டாவதாக வந்த பால்காரர் ஒரு பர்லாங்கு பின்னால், ஓட்டை சைக்கிளில் லொடலொடவென்று வந்துகொண்டிருந்தார். பாலம் தெரிந்தது. பந்தல் தெரிந்தது. குடம் வெயிலில் மின்னியது.

மாட்டுப் பொங்கலன்று ஊர் மாடெல்லாம் எங்கே போகும்? குளிக்கப் போகும். குளித்துவிட்டு எந்த வழியாக மேலே வரும்? பாலத்தை ஒட்டிய படித்துறை வழியாக. வருஷா வருஷம் நானே அங்கே மாடு குளிப்பாட்டியிருக்கிறேன். ரோட்டில் இருபது அடி நீளத்துக்குத் தண்ணீரும் களியும் சாணியும் குழைந்து கிடந்தது. முந்தின வருஷம் கடைசியாக வந்ததால் அதற்குள் அது காய்ந்திருந்தது போல. முதலில் வருகிறவனுக்கு என்ன காத்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை. அது பக்கவாட்டில், பைய, ஒரு ராஜநடையில் போய், அப்போதுதான் கொம்புக்கு நீல பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்த ஒரு காளையின் காலடியில் என்னைப் படுக்க வைத்தது. காளை என்னை முட்டவில்லை. குனிந்து மோந்து பார்த்து, என் வெள்ளைச் சட்டையில் கொம்பைத் துடைத்துக்கொண்டது. பால்காரர் பிரேக்கைத் தொடாமல், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்.

"பொதுமக்களே," என்றது ஒலிபெருக்கி, "இந்த வருசம் அண்ணன் கடைசியா வரல. வரவே இல்ல."

ஊர் சிரித்து முடித்து, ஆறுதல் பரிசாக அந்தச் சோப்பு டப்பாவையும் கையில் கொடுத்த பிறகுதான் தங்கை வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி, டயர் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். நூல் தெரிந்த இடத்தில் கை நின்றது.

"அண்ணே, இதுல பட்டன் இருந்துதுல்லா?"

"இருந்துது."

"எங்க?"

"அண்ணாச்சி கடைத் தராசுல."

எப்போதும் என் பேச்சுக்குச் சிரிக்கிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாளைக்கு ஒரு நாள் கெடக்கு. புது டயர் வாங்கி மாட்டிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காணும் பொங்கல். டவுணுக்குப் போய் நான்கு ரத வீதியையும் இரண்டு தடவை சுற்றினேன். ஒரு சைக்கிள் கடைகூடத் திறக்கவில்லை. ஜங்ஷனிலும் இல்லை. கூட்டாளி வீட்டில் போய்க் கதவைத் தட்டினால், அவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு பாபநாசம் போய்விட்டான் என்றார்கள். திறந்திருந்தது ஓர் அல்வாக் கடை மட்டும்தான். அதைப் பார்த்தபோது, டயரைச் சுற்றி இதை அப்பினால் பிடித்துக்கொண்டு போகுமா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தேன். பிறகு கால் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தங்கை தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தை மாசத்தில் என்ன மழை? எனக்கென்றே பெய்தது.

மழையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் நடந்தே போயிருதேன். அஞ்சரைக்கு எறங்கினா சரியா இருக்கும்."

அவள் சொன்னது சரி. அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். "நடந்தா முட்டு வரைக்கும் களி அப்பும்ட்டி. அந்தக் கோலத்துல போய் நின்னா எவன் வேல குடுப்பான்? விடியதுக்குள்ள நான் சரி பண்ணித் தாரேன்."

விடிய எழுந்து, வாழைநாரை நனைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலைக்கட்டுக் கட்டுகிற அதே முடிச்சு. டயரையும் உள்வளையத்தையும் சேர்த்து, கம்பி இடைவெளி வழியாக, சாணுக்கு ஒரு கட்டு. பட்டனுக்குப் பதில் நார் முடிச்சு களியைப் பிடிக்கும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் நார்க்கட்டு மட்கார்டில் இடித்தது. மட்கார்டைக் கழற்றினேன். பின்னால் சேறு தெறிக்கும் என்று ஓர் உரச்சாக்கைக் கட்டினேன். இப்போது பிரேக் கட்டையில் இடித்தது. பிரேக்கையும் கழற்றினேன்.

தங்கை சேலை கட்டி, கடிதத்தைப் பையில் வைத்து, வாசலில் வந்து நின்றபோது மணி ஐந்தரை. "இன்னும் அஞ்சே நிமிசம்" என்றேன். ஐந்தே முக்காலுக்கும் அதையே சொன்னேன். அவள் நடக்க ஆரம்பித்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரத்தை ஐந்தைந்து நிமிஷமாக நான் தின்றுகொண்டிருந்தேன். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது ஆறு இருபது.

"பிரேக்க எங்கண்ணே?"

"நான்தாம்ட்டி பிரேக்கு. பின்னால கேரியரப் பிடிச்சுக்கிட்டே ஓடியாறேன். நீ 'ம்'ன்னு சொன்னா இழுத்துப் பிடிச்சுக்கிடுவேன்."

வேறு வழியில்லாமல் ஏறினாள். நம்ப மாட்டீர்கள், வண்டி போனது! நார் களியைப் பிடித்தது. ஒரு கிலோமீட்டர் வரை நான் ஊரில் பெரிய விஞ்ஞானி. பிறகு நார் ஒவ்வொன்றாக அறுந்தது. அறுந்த நார் சக்கரத்தோடு சுற்றி வந்து என் கெண்டைக்காலில் சாட்டை அடித்தது. அறுந்து விழ விழ வண்டி ஆடியது. வளைவு வரும்போதெல்லாம் "ம்" என்றாள். நான் பின்னுக்கு இழுத்தேன். சேறு உரச்சாக்கையும் தாண்டி என் வாய்க்குள் வந்தது.

நடுவில் திடீரென்று கேட்டாள்: "அண்ணே, ஏன் டீச்சர் வேலைக்கு வாறன்னு கேட்டாங்கன்னா என்ன சொல்ல?"

"என் அண்ணன் மாதிரி இன்னொருத்தன் ஊருக்குள்ள உருவாகிரக் கூடாதுன்னு சொல்லு."

இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள். சைக்கிள் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு கிலோமீட்டர் ஓடியிருப்பேன்.

கரை முடிகிற இடத்தில் பாலத்தை நோக்கி ஒரு சரிவு உண்டு. சரிவின் தலையில் வந்தபோது பஸ் பாலத்தில் நிற்பது தெரிந்தது. கடைசி ஆள் ஏறிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

எனக்கு அந்த ஒரு நொடியில் தோன்றியது இதுதான்: நான் குறுக்கே வயல் வழியாக விழுந்து ஓடினால் பஸ்ஸை நிறுத்திவிடலாம். துண்டை உருவி வீசிக்கொண்டு, "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! ஒரு ஆளு வருது!" என்று கத்திக்கொண்டே வரப்பில் பாய்ந்தேன். பத்து எட்டு வைத்திருப்பேன். பின்னால் "ம்" என்று கேட்டது. "ம்ம்" என்று கேட்டது. பிறகு சரிவில் இருந்து "ம்ம்ம்ம்" என்று நீளமாக ஒன்று கேட்டது. அப்போதுதான் பிரேக் யார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். அடுத்து நான் செய்த காரியத்தை மட்டும் வேறு எவனும் செய்திருக்க முடியாது. என்ன செய்தேன் என்றால்,

"அண்ணே!"

எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தால், வாசலில் தங்கை. மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறாள். தாடையில் அந்தப் பாலத்துக் கல் போட்ட தழும்பு. அதன்மேல் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டுதான் அன்றைக்கு அதே பஸ்ஸில் போய் நேர்காணலில் உட்கார்ந்தாள். மடியில் வைத்திருப்பது அதே பள்ளிக்கூடத்துப் பரீட்சைப் பேப்பர்.

"என்னண்ணே எழுதுத, கூப்பிடது காதுல விழலியா?"

"சைக்கிள் கததாம்ட்டி."

"பாலத்துக்கு வந்தாச்சா?"

"இப்பதான் வந்தேன்."

"அப்ப இதுக்கு மேல பூரா பொய்யாத்தான் இருக்கும். வச்சுட்டு வா. பேப்பர்க் கட்டு நனையுது, இந்த மேட்டுல வண்டிய ஏத்தணும். பின்னால வந்து பிடி. நான் சொல்லுத வரைக்கும் கைய விட்டுராத."

இந்தா, வந்துட்டேன்.